மேஸ்திரிக்குப் படிப்பு வேண்டாமா?

பஸ் ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும். ஓட்டிக் காட்டித் தேறினாலொழிய அது கிடைக்காது. மருந்துக் கடை நடத்த வேண்டுமானால் மருந்து படித்த ஒருவரைக் கடையில் வைத்தாக வேண்டும். வீட்டுக்குள் மின்சாரக் கம்பி இழுக்கிறவருக்குக்கூட ஒயர்மேன் தகுதிச் சான்று என்று ஒன்றைச் சர்க்கார் ஏற்படுத்தி வைத்திருக்கிறது. ஆனால், அந்த வீட்டையே கட்டுகிறவருக்கு, அதாவது பத்துப் பேர் ஐம்பது வருஷ காலம் நம்பிப் படுத்துறங்கப் போகிற தளத்தை அவர்கள் தலைக்குமேல் போட்டுக் கொடுக்கிறவருக்கு, என்ன யோக்கியதை வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு அளவு டேப்பு, ஒரு செல்போன், நாலு கொத்தனாரையும் எட்டுச் சித்தாளையும் கூட்டி வருகிற சாமர்த்தியம், இவ்வளவு போதும். மறுநாளே அவர் காண்டிராக்டர்.

இதை எந்த மேஸ்திரியையும் இழிவுபடுத்துவதற்காக நாம் சொல்லவில்லை. அவர்களில் பெரும்பாலோர் கல் சுமந்து, கலவை குழைத்து, வெயிலில் வெந்து மேலே வந்தவர்கள். நம்மவர்கள். ஆகையினால்தான் இதை நாம் பேச வேண்டியிருக்கிறது. இவர்களுக்கு இன்னது செய்தால் நிற்கும், இன்னது செய்தால் விழும் என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று சர்க்காருக்கும் தோன்றவில்லை. பணம் கொடுத்து வீடு கட்டுகிற நமக்கும் தோன்றவில்லை. நமக்குத் தோன்றியதெல்லாம் வேறு சங்கதி.

ஒத்தக்கடை, திருமங்கலம், சமயநல்லூர், உசிலம்பட்டி என்று மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. அப்படி எழும்புகிற எந்தக் கட்டடத்தின் முன்னாலும் சற்று நின்று பாருங்கள். முகப்பில் ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கும். அதன் பக்கத்தில் நாக்கைத் தொங்கவிட்ட ஒரு பொம்மை தொங்கும். கடக்காலுக்கு ஒரு பூஜை, நிலை வைக்க ஒரு பூஜை, தளம் போட ஒரு பூஜை. சமையலறை எந்த மூலை, கக்கூஸ் எந்த மூலை என்று சொல்வதற்கு ஒரு வாஸ்து ஜோசியர், அவருக்குத் தட்சிணை. மண்ணைச் சோதித்தீர்களா என்று வீட்டுக்காரரைக் கேட்டால், “அது எதற்குங்க? பக்கத்து வீடெல்லாம் நிற்கிறதே” என்பார்.

வாஸ்து புருஷன் என்று ஒருவன் இருக்கிறானாம். அவன் வருஷம் முழுவதும் தூங்குவானாம். வருஷத்தில் எட்டே நாள், அதிலும் நாளுக்கு 3¾ நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரந்தான் கண் விழிப்பானாம். அந்த நேரத்தில் மனைக்குப் பூஜை போட்டால் வீடு விளங்குமாம். இந்தக் கணக்கு நம் மேஸ்திரிகளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் சிமெண்டுக்கு ஒரு நேரம் இருக்கிறது. தண்ணீர் பட்ட அரை மணிக்குப் பிறகு அது எப்போது வேண்டுமானாலும் இறுகத் தொடங்கலாம். இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீரை ஊற்றிக் கிளறிக் கொட்டினால் அதில் பலம் இருக்காது. வருஷமெல்லாம் தூங்குகிறவனுடைய ஒன்றரை மணி தெரிந்திருக்கிறது. கண்ணெதிரே கிடக்கும் சிமெண்டின் அரை மணி தெரியவில்லை. கலவை போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டு வந்து, இறுகிப் போனதில் ஒரு வாளி தண்ணீரைச் சாய்க்கிற காட்சியை நாம் எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறோம்.

இதனால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று கேட்கலாம். சில குடிகள் முழுகித்தான் போயின.

2014-ஆம் வருஷம் ஜூன் 28-ந் தேதி சனிக்கிழமை மாலை, சென்னை போரூருக்குப் பக்கத்தில் மௌலிவாக்கம் என்ற இடத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையோடு மழையாகத் தரைமட்டமாயிற்று. 61 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் ஊர் விட்டு ஊர் கூலி வேலைக்கு வந்தவர்கள். இடி விழுந்ததுதான் காரணம் என்றுகூட அப்போது ஒரு பேச்சு கிளப்பிவிடப்பட்டது. ஆனால் அதே ஆட்கள் அதே இடத்தில் அதே மாதிரி கட்டிய ஜோடிக் கட்டடம் ஒன்று பக்கத்தில் நின்றது. அதன்மேல் எந்த இடியும் விழவில்லை. என்றாலும் அதுவும் நிற்க லாயக்கற்றது என்று கண்டு, 2016-ஆம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி வெடி வைத்துச் சில விநாடிகளில் இறக்கிவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் ஒரு உயிருக்கும் சேதமில்லாமல் அதை இறக்கியவர்களுக்கு இருந்த படிப்பில் கால்வாசி, அதை ஏற்றியவர்களுக்கு இருந்திருந்தால் அந்த 61 பேரும் அன்று சனிக்கிழமைக் கூலியோடு வீடு போயிருப்பார்கள்.

சென்னை தூரம் என்று நினைக்க வேண்டாம். நமது மதுரையிலேயே 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி, நத்தம் ரோட்டில் கட்டிக்கொண்டிருந்த பறக்கும் பாலத்தின் ஒரு பெரிய கான்கிரீட் உத்தரம் நாராயணபுரத்தின் அருகே கீழே விழுந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சரிசெய்கையில் ஜாக்கி தாங்கவில்லை. உத்தரப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு தொழிலாளி மாண்டார். 7 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தப் பாலம் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டு, இப்போது நாமெல்லாம் அதன்மேல் சுகமாகப் போய் வருகிறோம். 2022 ஏப்ரலில் பழங்காநத்தம் நேரு நகரில், மாநகராட்சியின் கழிவுநீர் ஏற்றும் நிலையத்தில் மோட்டார் வேலைக்கு இறங்கிய இடத்தில் ஒருவர் உள்ளே விழ, அவரைத் தூக்கப் போன இருவரும் விஷவாயுவில் சிக்க, மூவரும் மாண்டார்கள். மூவரும் காண்டிராக்டின்கீழ் வேலை செய்தவர்கள். அதே வருஷம் விளாங்குடியில் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய குழியில் மண் சரிந்து ஒரு தொழிலாளி உயிரோடு புதைந்து போனார்.

ஒவ்வொரு தடவையும் என்ன நடக்கிறது? நஷ்ட ஈடு என்று ஒரு தொகை அறிவிக்கப்படுகிறது. யாரோ ஒரு சூப்பர்வைசர் பேரில் கேஸ் போடப்படுகிறது. “அவன் விதி அவ்வளவுதான்” என்று ஊரார் சொல்லிவிடுகிறார்கள். அந்த விதி எப்போதும் குழிக்குள் இறங்குகிறவன் தலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. குழியைக் காண்டிராக்ட் எடுத்தவர் தலையில் ஒருநாளாவது எழுதப்பட்டிருக்கிறதா? ஐந்தடிக்கு மேல் ஆழமாகத் தோண்டுகிற எந்தப் பள்ளத்துக்கும் இரண்டு பக்கமும் பலகை கொடுத்து முட்டுக் கட்ட வேண்டும் என்று இந்திய தர நிர்ணயக் குழுவின் விதியே இருக்கிறது. விளாங்குடி மண்ணும் அந்த விதிக்குக் கட்டுப்பட்ட மண்தான். விஷவாயு இருக்கும் குழியில் ஒருவர் விழுந்தால், மூச்சுக் கருவி இல்லாமல் இன்னொருவர் இறங்கக்கூடாது என்பது முதல் பாடம். அந்தப் பாடத்தைப் படித்த ஒருவர் மேலே நின்றிருந்தால் ஒன்று மூன்றாகி இருக்காது.

நிற்க, அந்தப் படிப்பில் அப்படி என்னதான் இருக்கிறது, அதற்கு என்ன எம்.ஏ., பி.ஏ.வா படிக்க வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டாம். எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு, ஏன், தெரியாதவருக்குங்கூட, நாலு வாரத்தில் கையாலேயே செய்து காட்டிச் சொல்லிக் கொடுக்கக்கூடிய சங்கதிகள்தான். உதாரணமாகச் சிலவற்றைச் சொல்லுகிறோம். வாசகர்களில் வீடு கட்ட எண்ணியிருப்பவர்களுக்கும் இவை பிரயோஜனப்படும்.

முதலாவது மண். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கமெல்லாம் கரிசல். கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். மாட்டின் கால் மாட்டிக்கொள்கிற அளவுக்கு வெடிப்பு விழுவதை நம் விவசாயிகள் அறிவார்கள். அந்த மண்ணின்மேல் செம்மண்ணுக்குப் போடுகிற மாதிரி மூன்றடி அஸ்திவாரம் போட்டால், வருஷா வருஷம் மண் வீட்டைத் தூக்கித் தூக்கி இறக்கும். இரண்டாம் வருஷமே சுவர் மூலைக்கு மூலை விரியும். உடனே வீட்டுக்காரர், ஈசானிய மூலையில் தண்ணீர்த் தொட்டி இல்லாததுதான் தோஷம் என்று ஜோசியரிடம் ஓடுவார். ஊதுகிற ஆழத்துக்குக் கீழே போய்க் கால் ஊன்ற வேண்டும்; அதற்கென்றே அடிப்பக்கம் குடைபோல் விரிந்த தூண்களைக் குழிக்குள் வார்க்கிற முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் கண்டு சொல்லிப் பல வருஷங்களாயின. இந்தச் செய்தி ரூர்க்கியிலிருந்து கள்ளிக்குடிக்கு இன்னும் வந்து சேரவில்லை. வாஸ்துவோ செல்போன் வழியாகவே வந்து சேர்ந்துவிட்டது.

இரண்டாவது தண்ணீர். கான்கிரீட்டுக்குத் தண்ணீர் அதிகமானால் கொட்டுவது சுலபம், பரப்புவது சுலபம். ஆனால் அதிகப்பட்ட தண்ணீர் பின்னால் ஆவியாகப் போய், போன இடமெல்லாம் ஓட்டையாக நிற்கும். சாதாரண வீட்டுத் தளத்துக்குப் போடுகிற எம் 20 என்னும் கலவையில் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக்கூடாது என்பது 2000-ஆம் வருஷத்து ஐ.எஸ். 456 விதி. நம்மிடத்தில் அளந்தா ஊற்றுகிறார்கள்? டியூப்பைப் பிடித்துவிட்டு, “கஞ்சி மாதிரி வரட்டும்” என்கிறார்கள். தண்ணீரின் அளவு போகட்டும், குணத்தையாவது பார்க்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உப்புள்ள தண்ணீரைக் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றக்கூடாது. ஊற்றினால் உள்ளே இருக்கிற கம்பியை அது தின்றுவிடும். வாயில் வைத்தால் கரிக்கிற போர்த் தண்ணீரை வைத்துக்கொண்டே நம் பக்கத்தில் எத்தனை வீடுகள் கட்டப்படுகின்றன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கொட்டின பிறகும் தண்ணீர் வேண்டும். அப்போது மட்டும் சிக்கனம் வந்துவிடும். நம் ஊர் வெயிலில், இப்போது கடைகளில் விற்கிற கலப்புச் சிமெண்டுக்கு 14 நாள் ஈரம் காயாமல் வைத்திருப்பது நல்லது. சித்திரை மாதம் லாரித் தண்ணீர் விலைக்கு வாங்குகிற நாளில், மூன்றாம் நாளே சாக்கைக் கழற்றிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் கேட்டால், “அம்மா, காலையில் ஊற்றியாச்சு” என்று ஒரு பதில்.

மூன்றாவது முட்டு. உயிர் போகிற இடம் பெரும்பாலும் இதுதான். தளம் 15 அடி அகலத்துக்குள் இருந்தால் 7 நாள். அதற்குமேல் போனால் 14 நாள். உத்தரங்களுக்கு 20 அடி வரை 14 நாள், அதற்கு மேற்பட்டால் 21 நாள் முட்டு நிற்க வேண்டும். ஆனால் சென்ட்ரிங் ஷீட்டுக்கும் முட்டுக்கும் வாடகை நாள் கணக்கில் ஓடுகிறது. அடுத்த வேலை வேறு காத்திருக்கிறது. ஆகவே, ஐந்தாம் நாளே, “அடிச்சு இறக்குடா” என்று உத்தரவு பிறக்கிறது. இறக்குகிறவன் தளத்துக்கு அடியில் நிற்கிறான். உத்தரவு போட்டவர் வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறார்.

இங்கேதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. பாதுகாப்புப் பயிற்சி என்று இந்த நாட்டில் எதை நடத்தினாலும் அதைத் தொழிலாளிக்கு நடத்துகிறார்கள். ஹெல்மெட் போடு, பெல்ட் கட்டு, செருப்பில்லாமல் ஏறாதே என்று அவனுக்கு உபதேசம். போடட்டும், கட்டட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் முட்டை எந்த நாள் கழற்றுவது என்று அவன் முடிவு செய்கிறானா? பள்ளத்துக்குப் பலகை வாங்கலாமா வேண்டாமா என்று அவன் முடிவு செய்கிறானா? சாரத்துக்கு நல்ல கம்பா, உளுத்த கம்பா என்று அவனையா கேட்கிறார்கள்? எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி எடுத்திருக்கிற காண்டிராக்டர். நன்றாகப் படித்துத் தேறின கொத்தனார் ஒருவர், “ஐயா, இது இன்னும் இறுகவில்லை” என்று சொன்னால், “அப்படியானால் நாளையிலிருந்து நீ வராதே” என்ற ஒரு சொல்லில் அவர் படிப்பெல்லாம் தீர்ந்தது. அறிவைக் கீழே கொடுத்து அதிகாரத்தை மேலே வைத்தால் அந்த அறிவு என்ன செய்யும்? ஆகையால், முதலில் வகுப்பில் உட்கார வேண்டியவர் காண்டிராக்டர். அவர் உட்கார்ந்து தேறிய பிறகு தொழிலாளியை அழைக்கலாம்.

“மீனாட்சி கோவில் கோபுரத்தைக் கட்டியவன் எந்தக் காலேஜில் படித்தான்? திருமலை நாயக்கர் மகாலைக் கட்டியவன் எந்தச் சர்டிபிகேட் வைத்திருந்தான்?” என்று மதுரையில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே கேட்பார்கள். கேட்கிறவருக்கு இது பெரிய மடக்குக் கேள்வி. மகால் 1636-ஆம் வருஷத்து வேலை. அது செங்கல்லும் சுண்ணாம்பும். அந்தச் சுண்ணாம்பை எப்படி ஊறவைப்பது, எத்தனை நாள் அரைப்பது என்பதைக் குருவின் காலடியில் வருஷக்கணக்காகக் கிடந்து படித்தவன்தான் அதைப் பூசினான். அவனுக்குக் காலேஜ் அந்தக் குருதான். ஆனால் இன்றைக்கு நாம் கட்டுவது சுண்ணாம்பிலா? போர்ட்லண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஆஸ்ப்டின் என்பவர் காப்புரிமை பெற்றதே 1824-இல். கோயமுத்தூருக்குப் பக்கத்தில் மதுக்கரையில் சிமெண்டு ஆலை வந்தது 1934-இல். நம் பாட்டனாருக்குப் பாட்டனார் சிமெண்டு மூட்டையைக் கண்ணால் கண்டவர் அல்லர். கம்பி கட்டிய தளத்தில் கால் வைத்தவரும் அல்லர். அப்படியிருக்க, பரம்பரையாகக் கான்கிரீட் அறிவு இரத்தத்தில் எங்கிருந்து வரும்? தொழில் பிறப்பிலேயே வந்துவிடுகிறது என்பது வருணாசிரமக்காரர்களின் புரட்டு. அதை நம்பி ஜாதியால் கெட்டது போதாதா? கட்டடத்தாலும் கெட வேண்டுமா?

இனிச் சட்டத்தின் யோக்கியதையைப் பார்ப்போம். கட்டடத் தொழிலாளருக்கென்று 1996-ஆம் வருஷம் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. 500 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில்தான் பாதுகாப்புக் கமிட்டி வேண்டும் என்றது அந்தச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாகப் புதிய தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமுலுக்கு வந்துவிட்டது. அதில் 250 பேர் இருந்தால் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்றிருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான வேலையும், 50 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சொந்த வீட்டு வேலையும் அதன் கட்டட வேலைக் கணக்கிலேயே வராது. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ 250 பேர் சேர்ந்து கட்டுகிற வீடு எது? 50 லட்சத்துக்கு மேற்பட்ட வீடு ஊருக்கு எத்தனை? ஆக, நம் ஜனங்கள் கட்டுகிற வீடும், அதில் வேலை செய்கிற நம் ஜனங்களும் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை.

போதாதற்கு, 2024 ஜூலை முதல் நம் மாகாண சர்க்கார் 2500 சதுர அடி மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர்கள் தாங்களே சான்று கொடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் மூலம் உடனே அனுமதி பெறலாம் என்று செய்திருக்கிறது. இதை நாம் குறை கூறவில்லை. ஆபீசு ஆபீசாக அலைந்து லஞ்சம் அழுகிற தொல்லை ஏழைகளுக்குக் குறைந்தால் நல்லதே. ஆனால் யோசித்துப் பாருங்கள்: பார்வையிட வருகிற அதிகாரி இனி வரமாட்டார். அவர் வந்தபோது என்ன பார்த்தார் என்பது வேறு விஷயம். இனி அந்த வீட்டுக்கும் விபத்துக்கும் நடுவே நிற்பது மேஸ்திரியின் அறிவு ஒன்றுதான். மேற்பார்வையை எடுக்கிறபோது படிப்பையாவது கொடுத்திருக்க வேண்டாமா?

பொதுப்பணி இலாகாவில் காண்டிராக்டர்களைப் பதிவு செய்கிறார்களே என்பார்கள். செய்கிறார்கள், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று. பள்ளிக்கூடத்தில் வகுப்பு என்றால் படிப்பு. இங்கே வகுப்பு என்றால் எத்தனை ரூபாய் வேலை எடுக்கலாம் என்ற கணக்கு. அதற்குத் தாசில்தாரிடம் சொத்து மதிப்புச் சான்று வாங்கிக்கொண்டு போக வேண்டும். அவருக்கு எவ்வளவு நிலம் இருக்கிறது என்று தெரிந்தால், அவர் போடுகிற பாலம் நிற்குமா என்று எப்படித் தெரியும்?

பணம் எங்கே என்ற கேள்வி வரும். பணம் இருக்கிறது. 1996-ஆம் வருஷத்து வரிச் சட்டப்படி கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தொழிலாளர் நலத்துக்கென்று வசூலிக்கப்பட்டு வந்தது. அப்படி நாடு முழுதும் 37,400 கோடி ரூபாய் அளவுக்குச் சேர்ந்தும், செலவானது ஏறக்குறைய 9,500 கோடிதான் என்பது 2018-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் சுப்ரீம் கோர்ட்டில் வெளிப்பட்டது. தொழிலாளியின் பெயரால் வசூலித்த பணம் பெட்டியில் தூங்கிற்று. வாஸ்து புருஷனுக்காவது வருஷத்தில் எட்டு நாள் விழிப்பு உண்டு.

பயிற்சியே நடப்பதில்லையா என்றால், சில நடக்கின்றன. எப்படி நடக்கின்றன? ஒரு கல்யாண மண்டபம். சிமெண்டுக் கம்பெனியின் பெரிய படம். மேஸ்திரிகளுக்குக் காலையில் டிபன், மத்தியானம் பிரியாணி. நடுவில் ஒருவர் எழுந்து எங்கள் சிமெண்டே சிமெண்டு என்று ஒரு மணி நேரம் பேசுவார். கடைசியில் ஒரு பையும் சர்டிபிகேட்டும். அதைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். யாருக்காவது பரீட்சை உண்டா? யாராவது தேறவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டதுண்டா? ஒருவரும் தோற்காத பரீட்சைக்கும் கும்பாபிஷேகத்துக்கும் என்ன வித்தியாசம்? போனவர்களுக்கெல்லாம் புண்ணியம்.

இதே நம் ஆட்கள் சிங்கப்பூருக்குப் போனால் நடப்பதைப் பாருங்கள். சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை ஜில்லாக்களிலிருந்து கட்டட வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே போய்ப் பாதுகாப்புப் பாடம் படித்துப் பரீட்சையில் தேறாவிட்டால் வேலை அனுமதி நிலைக்காது. அந்தப் பாடம் தமிழிலும் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. தொழிலாளியோடு விட்டுவிடவும் இல்லை. 2009 முதல் அங்கே கட்டடக் காண்டிராக்டருக்கே லைசென்ஸ். கம்பெனியில் பொறுப்பேற்கிறவருக்கு இன்ன படிப்பும் இன்ன அனுபவமும் இருந்தாக வேண்டும். அவர்களுக்கும் இந்தப் புத்தி சும்மா வரவில்லை. 1986-ஆம் வருஷம் மார்ச்சு 15-ந் தேதி, நம் ஜனங்கள் கூடுகிற அந்தச் சிராங்கூன் ரோட்டிலேயே ஆறு மாடி ஓட்டல் ஒன்று இடிந்து 33 பேர் மாண்டார்கள். கட்டடம் தாங்க வேண்டிய பாரத்தைக் கணக்கிட்டவர், கட்டடத்தின் சொந்த எடையையே சேர்க்க மறந்திருந்தார் என்று விசாரணையில் வெளிவந்தது. அதன் பிறகு, ஒருவர் போட்ட கணக்கை இன்னொரு இஞ்சினீயர் சரிபார்க்க வேண்டும் என்று 1989-இல் சட்டம் செய்தார்கள். பரிகார பூஜை செய்து நிறுத்திக்கொள்ளவில்லை. நம் சிவகங்கைக்காரர் கடல் தாண்டினால் அவர் உயிருக்கு ஒரு விலை. சொந்த ஊரில் சாரம் ஏறினால் விலையே இல்லை. இது என்ன நியாயம்?

ஆகவே, நாம் கேட்பது பெரிய காரியமில்லை. வீடு, பாலம், சாக்கடை எதையும் காண்டிராக்ட் எடுக்கிறவர் எவராயினும், அவர் மண், கலவை, கம்பி, முட்டு, சாரம், பள்ளம், மின்சாரம் இவற்றில் நாலு வாரப் படிப்பு முடித்துத் தேறியிருக்க வேண்டும். படிப்பு தமிழில் இருக்க வேண்டும். வேலை கெடாமல் இராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நடக்க வேண்டும். கட்டணம் அந்த வரிப் பணத்திலிருந்து போக வேண்டும். இடத்துக்குப் பஞ்சமில்லை. புதூரில் சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. திருப்பரங்குன்றத்தில் 1957 முதல் தியாகராசர் பொறியியற் கல்லூரி இருக்கிறது. மேஸ்திரியே தன் கையால் ஒரு கட்டிக் கான்கிரீட் வார்த்து, 28 நாள் கழித்து, அதைக் கல்லூரியில் இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்க்கட்டும். தண்ணீர் அளந்து ஊற்றின கட்டி எவ்வளவு தாங்குகிறது, கஞ்சியாக ஊற்றின கட்டி எவ்வளவு தாங்குகிறது என்று ஒருதரம் கண்ணால் கண்டவர் பிறகு டியூப்பைப் பிடிக்க மாட்டார். நூறு பிரசங்கத்தைவிட அந்த நொறுங்குகிற சத்தம் மேல். தேறினவருக்கு ஒரு அட்டை. மூன்று வருஷத்துக்கு ஒருதரம் மறுபடி பரீட்சை. அவர் வேலையில் உயிர்ச்சேதம் வந்தால் அட்டை போக வேண்டும்.

இந்த வகுப்பில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுகிறோம். சித்தாளாகப் பதினெட்டு வயதில் சட்டி தூக்கின பெண், ஐம்பது வயதிலும் சட்டியே தூக்குகிறாள். அவளோடு அதே நாளில் வேலைக்கு வந்த பையன் கொத்தனாராகி, மேஸ்திரியாகி, காண்டிராக்டராகி, அவளுக்குக் கூலி எண்ணிக் கொடுக்கிறான். முப்பது வருஷமாகக் கலவையைக் கையாலே தொட்டு வந்தவளுக்கு அதன் பதம் தெரியாதா? கேரளத்தில் குடும்பஸ்ரீ அமைப்பின் பெண்கள் தாங்களே கூட்டாகச் சேர்ந்து வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். மதுரைப் பெண்களின் கையில் மட்டும் கரண்டி நிற்காதா?

சர்க்கார் இதைச் செய்கிற வரையில் வாசகர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. வீடு கட்டப் போகிறவர்கள் மேஸ்திரியிடம் முன்பணம் கொடுக்கும் முன்னால் ஜாதகத்தையும் முகூர்த்தத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, சிலவற்றைக் கேளுங்கள். இந்த மண் ஊதுமா, ஊதினால் எவ்வளவு ஆழம் போவீர்கள்? மூட்டைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்? தளத்துக் கம்பிக்கும் அடிப்பலகைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவீர்கள்? (முக்கால் அங்குலத்துக்குக் குறையக்கூடாது, அதற்குக் கட்டி வைக்க வேண்டும், ஜல்லியை முட்டுக் கொடுக்கக்கூடாது.) நடுக்கூடத்து உத்தரத்தின் முட்டை எத்தனையாவது நாள் கழற்றுவீர்கள்? மேலே ஏறுகிறவன் விழுந்தால் அவன் குடும்பத்துக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்? பதில் சொல்லத் தடுமாறுகிறவர் திருஷ்டிப் பூசணிக்காயைத் தம் செலவிலேயே வாங்கித் தருவதாகச் சொன்னாலும், முன்பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு அடுத்த மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.